வாடகை பாக்கியும் வாசலில் நிற்கும் பசங்களும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நகர்மன்றக் கூட்டம் முடிந்த மறுநாள் விடியற்காலை, பால் கேன் இறங்குவதற்கு முன்பே ஒருவர் வந்து நின்றார். "ஏனுங்க, கடைக்குச் சீல் வைக்கப் போறாங்களாமே?" மதியம் பஃப்ஸ் வாங்க வந்த அம்மா ஒருவர், "அந்தப் பசங்களை இனிமே அண்ட விட மாட்டீங்களாமே, நல்லதாப் போச்சு" என்றார். இரண்டுமே அரைகுறைச் செய்தி. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னால் டீ ஆறிப்போகிறது. அதனால்தான் இந்த மடல்.

கூட்டத்தில் நம் கடைப் பேச்சு இரண்டு முறை வந்தது. தணிக்கை அறிக்கையை விவாதித்தபோது ஒரு முறை. மாலையில் பேருந்து நிலையத்தில் இளைஞர்கள் கூடுவதைப் பற்றி ஒரு கவுன்சிலர் கேட்டபோது இன்னொரு முறை.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். நகராட்சிக் கணக்கைப் பார்க்க உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை என்று ஒன்று இருக்கிறது. மாநில நிதித் துறையின் கீழ் வருகிறவர்கள், நகராட்சிக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. 2014-இல் இந்தத் தணிக்கைக்கென்றே தனிச் சட்டமும் வந்தது. சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை எல்லாவற்றுக்கும் கேட்பு, அதாவது வர வேண்டிய தொகை, எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று பதிவேடு இருக்கும். நிலுவை பெரிதாகத் தெரிந்தால், ஏன் வசூலிக்கவில்லை என்று எழுதி வைப்பார்கள். ஆபீஸில் அதற்குத் தணிக்கைத் தடை என்று பெயர், வெளியே ஆடிட் அப்ஜெக்‌ஷன். நகராட்சி ரசீதையோ உத்தரவையோ காட்டிப் பதில் எழுதினால் அந்தப் பத்தியை நீக்கிவிடுவார்கள். காட்டாவிட்டால் அடுத்தடுத்த வருஷத்துக்கும் அது தொங்கிக்கொண்டே வரும். தடை என்ற சொல்லைக் கேட்டதும் எவனோ தின்றுவிட்டான் என்றுதான் நம் கடை பெஞ்சில் பேச்சு ஓடுகிறது. முன்பணம் வாங்கிவிட்டுக் கணக்கை முடிக்காமல் விட்டாலும் தடைதான், வவுச்சர் கிடைக்காமல் போனாலும் தடைதான். எது எந்த வகை என்று அறிக்கையைப் படித்தால்தான் தெரியும்.

பேருந்து நிலையக் கடைகளின் வாடகை பாக்கியைச் சொல்லும் பத்தியில் நம் கடை எண்ணும் இருந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கொரோனா ஊரடங்கில் பஸ்ஸே ஓடாத மாதங்களுக்குத் தள்ளுபடி கேட்டு மனு கொடுத்தோம். சில மாதங்களுக்குக் கிடைத்தது. மீதிக்குப் பதில் வரவில்லை. பதில் வராததையே தள்ளுபடி என்று நாங்களாக வைத்துக்கொண்டோம். பதிவேடு அப்படி வைத்துக்கொள்ளுமா? நாலு மாத வாடகை பாக்கியாகவே நின்றிருக்கிறது. போய் ஒரு வார்த்தை கேட்காதது எங்கள் தப்பு. இப்போது ஆணையாளரிடம் எழுதிக் கொடுத்து, மூன்று தவணையில் கட்டச் சம்மதம் வாங்கியிருக்கிறோம். முதல் தவணை கட்டிய ரசீதைக் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆகவே சீல் இல்லை. இதற்காக டீ விலையும் ஏறாது. பட்டர் பிஸ்கட் ஏறும். அது வெண்ணெய் விலையால், இந்தக் கணக்கில் சேராது.

எங்கள் பத்தியைப் பார்ப்பதற்காகத்தான் அறிக்கையின் நகலைக் கவுன்சிலரிடம் வாங்கினேன். என்னை நிறுத்திப் படிக்க வைத்ததோ வேறொரு பத்தி, நூலக வரி. நம் சொத்து வரி ரசீதில் அது தனி வரியாகவே இருக்கும், நாம்தான் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடுகிறோம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. இந்த வரி நேற்று வந்ததில்லை, 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதற்காகப் பாடுபட்ட எஸ். ஆர். அரங்கநாதன் நம் சீர்காழியில் பிறந்தவர். நகராட்சி இந்த வரியை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். நம் ஊரில் வசூலித்ததை முழுதாக அனுப்பவில்லை என்பதுதான் தடை.

சரி, பேக்கரிக்காரனுக்கு நூலக வரியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நம் வாசலில் கூடும் கூட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். காலேஜ் பஸ்ஸில் இறங்கி வீட்டுக்குப் போக மனமில்லாதவர்கள் சிலர். அடுத்த ஆர்டர் வரும் வரை போனுக்குச் சார்ஜ் போட்டு நிற்கும் டெலிவரி தம்பிகள் சிலர். மற்றவர்கள் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள். பத்தாவது தேறியிருந்தால் எழுதலாம் என்பதால் எல்லா வீட்டிலிருந்தும் ஒருவர் எழுதுகிறார். இவர்கள் பின் தெரு நூலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, அது பூட்டியதும் வினாத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே வருகிறார்கள். ஒரே கூட்டத்தில் நூலக வரியையும் பேசினார்கள், பசங்களையும் பேசினார்கள். இரண்டையும் யாரும் முடிச்சுப் போடவில்லை.

அதற்காகப் புகார் பொய் என்று சொல்ல வரவில்லை. பஸ் நிற்கிற இடத்தில் பைக்கைக் குறுக்கே விடுகிறார்கள். இரண்டு மூன்று பேர் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு முறுக்குகிறார்கள். வேலை முடிந்து வரும் பெண்கள் நம் வாசலைத் தாண்டுவதற்குப் பஸ் போகிற பாதையில் இறங்கி நடக்கிறார்கள். எங்களிடமே தினமும் பிரெட் வாங்கும் ஒரு பெண் இதைச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கல்லாவில் இருந்து பார்த்தால் வாசல் மட்டும்தான் தெரியும், நடைபாதை தெரியாது.

அப்புறம் சிகரெட். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது, பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். எல்லாம் போர்டில் இருக்கிறது, அந்தப் போர்டுக்கு அடியில்தான் புகைக்கிறார்கள். சிகரெட்டில் எங்களுக்குப் பெரிய லாபம் கிடையாது. ஆனால் ஒரு சிகரெட்டோடு ஒரு டீ போகும். அந்த டீதான் இத்தனை வருஷம் என் வாயை அடைத்து வைத்திருந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நம் கடையில் சிகரெட், பீடி எதுவும் கிடையாது. பழகியவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெஞ்சை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்க மாட்டோம். கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெரியவர்களும் அதில்தான் உட்கார்கிறார்கள். ஷட்டருக்கு உள்பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறோம், நடைபாதை இப்போது காலி. பைக்கை டூ வீலர் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும்தான் டீ. இதை இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன், முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார்கள். பின்னால் மைதா மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து இரண்டு மேசையும் ஒரு டியூப் லைட்டும் போட்டாயிற்று. நகராட்சிக் கட்டடம் என்பதால் வருவாய் ஆய்வாளரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். படிக்கிறவர்கள் இரவு ஒன்பது வரை அங்கே உட்காரலாம். டீ வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. பிளக் பாயிண்ட் ஒன்றுதான், அதற்குச் சண்டை வேண்டாம்.

இது நூலகத்துக்கு ஈடாகாது. இரண்டு மேசையில் எட்டுப் பேர் உட்கார முடியும், மேலே பன் வாசனை வேறு. 2022-இலிருந்து நகரங்களில் பகுதி சபா கூட்டம் என்று நடத்துகிறார்கள், வார்டு மக்கள் நேரே போய்க் கேட்கலாம். நான் ஒரு முறைகூடப் போனதில்லை. அடுத்த கூட்டத்துக்குச் சொத்து வரி ரசீதோடு போகிறேன். நூலக வரி ஆணைக்குழுவுக்கு எப்போது போகும், பூட்டும் நேரத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் கல்லாவில் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் கடையிலும் ஒரு நிலுவைப் பதிவேடு இருக்கிறது, நீல அட்டை நோட்டு. இரண்டாவது தவணை மாதக் கடைசியில் கட்ட வேண்டும். அதில் பெயர் இருப்பவர்கள் இந்தப் பக்கம் வரும்போது கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேருந்து நிலைய பேக்கரிக்காரர்