தம்பிக்கு அப்பா எழுதுவது

தம்பி,

போன் செய்தால் "வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய், அதனால் எழுதுகிறேன். இங்கே குறுவை அறுவடை முடிகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுப்பதில்லை, எல்லாரும் ரோட்டில் நெல்லைக் கொட்டித் துழாவிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

போன வாரம் மாமா வந்தபோது உன் கடை மாப்பிள்ளைச் சம்பா ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தார். பை மேலே நம்ம ஊர்ப் பெயரைப் பார்த்ததும் அவ்வளவு பெருமையாக இருந்தது, இங்கே நம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன். மறுநாள் அம்மா சமைத்தாள். ராத்திரி முழுக்க ஊறவைத்தாலும் லேசில் வேகாத அரிசி அது, உனக்கே தெரியும். இது ஊறாமலே மூன்று விசிலில் குழைந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தட்டை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மில்லில் மாறியிருக்கலாம், சாக்கு மாறியிருக்கலாம். ஒரு தடவை பார்த்துக்கொள்.

பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிக் காப்பாற்றிய நெல் ஜெயராமன் இருந்த காலத்தில், ஆதிரெங்கத்தில் 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுங்கள் என்பார். அப்படிக் கைமாறிக் கைமாறித்தான் இந்த நெல்லெல்லாம் மறுபடி நம் பக்கத்து வயல்களுக்கு வந்தது. தெற்குத்தெரு பெரியப்பா உனக்கு 12 மூட்டை நெல் கொடுத்தாரே, முன்பணம் இல்லை, ரசீது இல்லை, நீ என் பிள்ளை என்பதற்காகக் கொடுத்தார். அவர் நெல்லின் பெயரில் வேறு அரிசி போகக் கூடாது தம்பி. ஒரு தடவை பார்த்துக்கொள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றுதான் ரெண்டு நாளாகப் பேனாவை எடுக்கவில்லை. 2018இல் கஜா புயல் அடித்து ஊரே இருட்டில் கிடந்தபோது, பழைய விலைக்கு வாங்கி அடுக்கியிருந்த மெழுகுவர்த்தியை, 10 ரூபாய் பாக்கெட்டை 40 ரூபாய்க்கு விற்றேன். மேலத்தெரு அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையாக எண்ணி வைத்தபோது "சரக்கு வரலக்கா, விலை ஏறிப்போச்சு" என்று கூசாமல் பொய் சொன்னேன். கல்லாவில் நீதான் உட்கார்ந்திருந்தாய். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாய், அப்புறம் அந்தக் காசை அள்ளிப் பெட்டியில் போட்டாய். இந்த அரிசியைத் தின்ற நாளிலிருந்து அந்தப் பார்வைதான் ராத்திரியில் என்னைத் தூங்க விடவில்லை.

அக்கா சண்டைக்கு வரவில்லை. கோயிலில் பார்த்தால் உன்னைப் பற்றி விசாரிப்பார். ஆனால் இத்தனை வருஷமாக உப்பு வாங்கக்கூட நம் கடையைத் தாண்டித்தான் நடந்து போகிறார், ஒவ்வொரு தடவையும் நான் எதையாவது தேடுவதுபோல உள்ளே திரும்பிக்கொள்கிறேன்.

தீபாவளிக்குக் கட்டாயம் வா. அவர் வீட்டுக்குப் போக வேண்டும், தனியாகப் போக எனக்குக் கால் வரவில்லை.

அப்பா