டீச்சருக்கு மேல் என்ன படிப்பு?

அன்புள்ள அக்கா,

ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் அம்மா நடுவில் வாங்கி, சாப்பிட்டியா, குளிருதா என்று கேட்டே முடித்துவிடுகிறாள், அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். குளிருகிறது, அமெரிக்காவின் வடக்கே மின்னசோட்டாவில் வேறென்ன செய்யும். மாவு கரைத்து களி கிண்டப் பழகிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடு.

மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஸ்பெஷல் பி.எட். முடித்து வேலையும் பார்த்தவளுக்கு இன்னும் என்ன படிப்பு என்று அப்பா கேட்கிறாராமே. நான் இங்கே படிக்கிற சிறப்புக் கல்வி நிர்வாகம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற படிப்பு இல்லை. சொல்லித்தருகிறவர்களுக்கு ஆள், பணம், வண்டி எல்லாம் ஏற்பாடு செய்து, சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கிற ஆளுக்கான படிப்பு. இங்கே பள்ளி மாவட்டம் என்றால் நம் தருமபுரி மாதிரி பெரிசு இல்லை, பல இடங்களில் ஓர் ஊரும் சுற்றுவட்டாரமும்தான். அதற்குச் சிறப்புக் கல்வி இயக்குநர் என்று ஒருவர், சின்ன ஊர்கள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்வதும் உண்டு. அந்த நாற்காலிக்கு இந்த மாநிலத்தில் தனி லைசென்ஸ் வேண்டும், அதற்கு 320 மணி நேரக் களப்பயிற்சி.

எல்லாம் இந்த நாட்டில் 1975இல் வந்த சட்டத்திலிருந்து தொடங்குகிறது. மாற்றுத்திறன் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்திட்டம் எழுதவேண்டும், எழுதும் கூட்டத்தில் பெற்றோர், வகுப்பு டீச்சர், ஸ்பெஷல் டீச்சரோடு, என்னென்ன வசதி இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் மாவட்டத்தின் சார்பில் உட்காரவேண்டும். திட்டத்தில் ஏறியதை மாவட்டம் கொடுத்தே தீரவேண்டும், பட்ஜெட் இல்லை என்று கைவிரிக்க முடியாது.

பெற்றோர் சம்மதத்தோடு அப்படி ஒரு கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். சோமாலியாவிலிருந்து வந்த ஓர் அம்மா, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், அவருக்கு அந்த அம்மா காசு கொடுக்க வேண்டியதில்லை, பள்ளியே ஏற்பாடு செய்யவேண்டும். இயக்குநர் மேஜைத் தலைமாட்டில் உட்காராமல் அந்த அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துப் பேசினார். பேச்சுப் பயிற்சி பற்றி அரைமணி நேரம் ஓடியது, கடைசியில் அந்த அம்மா கேட்டது பஸ்ஸைப் பற்றி. பையனை முதல் ஆளாக ஏற்றி ஊரெல்லாம் சுற்றுகிறார்களாம், பள்ளிக்கு வந்து சேரும்போதே அழுகையாம். இயக்குநர் அங்கேயே வண்டிப் பிரிவுக்குப் போன் போட்டு வழியை மாற்றச் சொல்லி, அதையும் திட்டத்தில் எழுதவைத்தார். சித்தேரி மலையிலிருந்து பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அரூர் கேம்புக்கு இறங்கி வருகிற அம்மாக்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். உங்கள் வட்டார வள மையத்திலிருந்து நீ அவர்களுக்காகப் போடுகிற போன்களில் பாதியை யாராவது எடுத்தாலே பெரிசு.

எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. ஒரு பிள்ளைக்குச் சராசரியாக ஆகும் செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்று சட்டம் சொல்கிறது, இன்றுவரை அதை எட்டியதே இல்லை, மீதியை மாநிலமும் மாவட்டமும்தான் தேடவேண்டும், எங்கள் நிதி வகுப்பு முழுக்க இந்தப் புலம்பல்தான். ஸ்பெஷல் டீச்சர் பஞ்சம் இங்கும் உண்டு, பேப்பர் வேலைக்குப் பயந்தே பலர் ஓடிவிடுகிறார்கள். சட்ட வகுப்பு மட்டும் பிடிக்கிறது. கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் வழக்கில், பெயருக்குக் கொஞ்சம் முன்னேறினால் போதாது, அவன் நிலைமைக்குத் தக்க முன்னேற்றம் வருகிற மாதிரி திட்டம் இருக்கவேண்டும் என்று 2017இல் இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது.

நம் சட்டமும் லேசுப்பட்டதில்லை அக்கா. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை மாற்றுத்திறன், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021இல் நம் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை நடத்திக் காட்டவேண்டிய நாற்காலிகளில் உட்காருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லையே. நான் வேலை பார்த்தபோது ஒரு பையனுக்கு அளவெடுத்துப் போன சக்கர நாற்காலி இரண்டு சைஸ் பெரிசாக வந்தது, யாரிடம் திருப்பிக் கேட்பது என்று ஆபீசில் ஒருத்தருக்கும் தெரியவில்லை, எனக்குக் கிடைத்த பதில் "வந்ததை வாங்கிக்கம்மா". அந்தக் கோபத்தில்தான் இந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தேன், அப்பாவிடம் மேல்படிப்பு ஆசை என்று சொல்லிவைத்தேன்.

பணத்துக்குக் கவலை வேண்டாம். இந்தப் படிப்புக்கு இங்குள்ள மத்திய அரசு தரும் உதவித்தொகை என் போன்ற வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது, அதை வாங்குகிற இந்த ஊர்ப் பிள்ளைகள் உதவி பெறும் ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டு வருடம் இந்தத் துறையில் வேலை செய்யவேண்டும். எனக்குத் துறையிலேயே உதவியாளர் வேலை இருக்கிறது, வகுப்பு நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் விசா விடாது, மாமாவிடம் வாங்கியதை மெதுவாகத்தான் அடைப்பேன்.

அப்புறம் ஒரு வேலை. உங்கள் வட்டார வள மையத்தில் பிள்ளைகளுக்குத் தனித்திட்டம் எழுதும் படிவம் இருக்குமே, நிரப்பாத காலிப் படிவமாக ஒன்று போட்டோ எடுத்து அனுப்பு, அடுத்த மாதம் வகுப்பில் நம் ஊர் முறையைப் பற்றி நான்தான் பேசவேண்டும். வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளுக்கு எழுதுகிற பதிவேடு இருந்தால் அதுவும், பெயர்களை மறைத்துவிட்டு.

உன் தங்கை