தம்பியின் கைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

பாம்பன் ஊர்ச் சொந்தங்களுக்கும், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ராமநாதபுரம், மதுரை நண்பர்களுக்கும், ஒரு முறை வந்து உதவிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனவர்களுக்கும் வணக்கம்.

தம்பியின் முதலாமாண்டு நினைவுத் திருப்பலியும், அன்று சாயங்காலம் மீன் ஏலக்கூடத்தில் வைத்த கிட்டார் நிகழ்ச்சியும் நல்லபடியாக நடந்து முடிந்தன. வந்தவர்களுக்கு அங்கேயே கைகூப்பி நன்றி சொன்னோம். ஆனால் அவன் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து கூட நின்றவர்களில் பாதிப் பேரின் முகம் எங்களுக்குத் தெரியாது. "எழுதிப் போடு, கண்ணில் படுகிறவர்கள் படிக்கட்டும்" என்று அம்மாதான் சொன்னார். யார் பெயரையும் எழுதவில்லை. வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டார்கள். படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

அவனை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரைக்குக் கிட்டார் வந்தது கோவில் பாடகர் குழு வழியாகத்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நாலைந்து கார்டும் ஒரு தாளக்கட்டும் தெரிந்தால் போதும். அவனும் அப்படித்தான் தொடங்கினான். பிறகு ஒரு நாள் யாரோ போனில் காட்டிய வீடியோவில் மைக்கேல் ஹெட்ஜஸ் என்ற அமெரிக்கக் கலைஞரைப் பார்த்தான். ஒரே ஆள், ஒரே கிட்டார், ஆனால் மூன்று பேர் வாசிப்பது மாதிரி கேட்கிறது. அன்றைக்கு, தந்தியை மீட்டும் சின்னத் தகடான பிக்கைக் கீழே வைத்தவன் அப்புறம் பூசைக்கு மட்டும்தான் எடுத்தான்.

இந்த வாசிப்புக்கு ஃபிங்கர்ஸ்டைல் என்று பெயர். வலது கைக் கட்டைவிரல் தடித்த தந்திகளில் பாஸை, அதாவது கீழ்ச்சுரங்களைப் பிடித்துக்கொண்டு போகும். மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டை எடுக்கும். கையின் அடிப்பக்கம் இடையிடையே மரத்தில் தட்டித் தாளம் கொடுக்கும். ஹெட்ஜஸ் இதையும் தாண்டிப் போனவர். இடது கை விரல்கள் தந்தியைத் தட்டியும் சுண்டியும் தனியாக ஒரு வரி வாசிக்கும். அதே நேரத்தில் வலது கை வேறொரு வரியை வாசிக்கும். 1953-இல் பிறந்து, பால்டிமோரில் உள்ள பீபாடி இசைக் கல்லூரியில் முறையாக இசையமைப்புப் படித்தவர். 1984-இல் வந்த அவருடைய 'ஏரியல் பவுண்டரீஸ்' இன்றும் இந்தக் கருவியைக் கற்பவர்கள் முட்டி மோதிப் பார்க்கும் வாசிப்பு. 1997 டிசம்பரில் கலிபோர்னியாவில் ஒரு சாலை வளைவில் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு 43 வயது. 'ஆரக்கிள்' தொகுப்புக்காக மறு ஆண்டு கிராமி விருது வந்தபோது வாங்க அவர் இல்லை. தம்பி பிறப்பதற்கு முன்பே போய்விட்ட மனிதர். ஆனாலும் ஏதோ பக்கத்துத் தெரு அண்ணனைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் அவரைப் பற்றி எங்களிடம் பேசுவான்.

'ஏரியல் பவுண்டரீஸ்' வாசிக்கத் தந்திகளை வழக்கம்போல் சுருதி சேர்க்க முடியாது. தடித்த தந்தியிலிருந்து சி, சி, டி, ஜி, ஏ, டி என்ற சுரங்களில் வைக்க வேண்டும். ஆறாவது தந்தியை நன்றாகத் தளர்த்த வேண்டும். ஐந்தாவதை மூன்று அரைச்சுரம் ஏற்ற வேண்டும். சாதாரணத் தந்தி அந்த இழுப்பைத் தாங்காமல் அறுந்துவிடக்கூடும். பாம்பனில் உப்புக்காற்று வேறு. புதுத் தந்தி போட்டுச் சில நாளில் துருவேறி, ஒலி மங்கி, விரலை அறுக்க ஆரம்பிக்கும். இந்த இடத்தில்தான் முதல் நன்றி. துபாயிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் மேற்பூச்சுப் போட்ட தந்திகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த கீழக்கரை பாய்க்கு. காசு என்று பேச்செடுத்தாலே கோபப்படுவீர்கள். உங்கள் தந்தி இல்லாமல் அவன் ஹெட்ஜஸ் பக்கமே போயிருக்க முடியாது.

அப்பா நாட்டுப்படகுக்காரர். வலை இழுத்தால் விரல் நகம் நிற்காது. ஃபிங்கர்ஸ்டைல்காரர்களுக்கு வலது கை நகம்தான் எல்லாம், கொஞ்சம் பிசிறினாலும் ஒலி கெட்டுப்போகும். அவன் கடலுக்குப் போகாமலும் இருக்க முடியாது, வீட்டு நிலைமை அப்படி. அப்போது படகில் கூட வந்த மாமாமார் அவனிடம் வலையைக் கொடுக்காமல் இன்ஜினைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, அவன் பங்கு வேலையைத் தாங்கள் பிரித்துச் செய்தார்கள். வருஷக்கணக்காக. பங்குக் காசில் ஒரு ரூபாய் குறைத்ததில்லை. மாமா, இதை நீங்கள் யாரும் எங்களிடம் சொன்னதே இல்லை. அவன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அப்பாவிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்படியும் நகம் உடையும். ராமநாதபுரத்தில் பியூட்டி பார்லர் வைத்திருக்கும் அக்கா, கல்யாணப் பெண்களுக்கு ஒட்டும் அக்ரிலிக் நகத்தை அவன் மூன்று விரலுக்கும் கட்டைவிரலுக்கும் போட்டு, கிட்டாரை மடியில் வைத்து வாசித்துக் காட்டச் சொல்லி, ஒலிக்கு ஏற்றபடி ராவி ராவிச் சரிசெய்து அனுப்புவார். பார்லருக்குள் ஆம்பளைப் பையன் வந்து உட்கார்ந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவர் கவலைப்படவில்லை. அக்கா, எந்த நகம் எந்தத் தந்திக்கு எவ்வளவு நீளம் என்று கடைசியில் உங்களுக்கே அவனைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

எங்கள் ஓடாவித் தாத்தாவையும் சொல்ல வேண்டும். ஒரு கோடையில் வேனுக்குள் வைத்த கிட்டார், வெயிலில் பசை இளகித் தந்திகளைப் பிடிக்கும் கட்டை பெயர்ந்துவிட்டது. கடைக்குக் கொண்டுபோனால் கிட்டார் விலையில் பாதி கேட்டார்கள். வல்லம் கட்டும் தாத்தா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய வச்சிரப் பசையைத் தண்ணீரில் ஊறவைத்துக் காய்ச்சி, அளவாகப் பூசி, மரத்துண்டுகளை வைத்து இறுக்கிக் கட்டி, மறுநாள் வரை தொடக்கூடாது என்று சொல்லி வைத்துக்கொண்டார். கிட்டார் செய்கிற பெரிய கைவினைஞர்களும் அதே விலங்குப் பசையைத்தான் இன்றும் மதிக்கிறார்கள் என்று தம்பி பிறகு படித்துவிட்டு வந்து சொன்னான். அந்த ஒட்டு இன்று வரை அசையவில்லை.

அவன் வாசிப்பைப் பற்றி என்னைக் கேட்டால், ஹெட்ஜஸை வாசித்ததைவிட அம்பாப் பாட்டை வாசித்ததில்தான் அவன் பெரிய ஆள் என்று சொல்வேன். கரைவலை இழுக்கும்போது ஒருவர் முன்பாட்டு எடுக்க, மற்றவர்கள் இழுத்துக்கொண்டே பின்பாட்டுப் பாடுவார்கள் இல்லையா, அதைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்குமாகப் பிரித்துக்கொண்டான். கட்டைவிரல் கேட்கும், விரல்கள் பதில் சொல்லும். "அக்கா, கட்டைவிரல் ஆண் கடல், மற்றது பெண் கடல்" என்பான். பாம்பன்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல், அலையடித்துக்கொண்டே இருக்கும். வடக்கே பாக் விரிகுடா பெண் கடல், பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். இரண்டையும் ஒரே தீவில் நின்று கேட்டு வளர்ந்தவன் வாசிப்பு அப்படித்தான் இருந்தது. கரைவலை இழுத்த காலத்துப் பாட்டுகளை நினைவிலிருந்து பாடிக் காட்டிய பெரியவர்களுக்கு, குறிப்பாகப் பல் இல்லாவிட்டாலும் பாடுகிறேன் என்று திண்ணையில் உட்கார்ந்து முழுசாகப் பாடிய அப்புச்சிக்கு, எங்கள் வீட்டின் நன்றி.

பிறகு நோய் வந்தது. ரத்தப் புற்றுநோய். சிகிச்சை மதுரையில். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கான தாள்களைத் தயார் செய்ய அலைந்த, எங்கள் கோவிலின் சிறு செபக்குழுவான அன்பியத்து இளைஞர்களுக்கும், அந்த நேரத்தில் அப்பாவை வீட்டு வாசலைத் தாண்டவிடாமல் தாங்களே எல்லா அலுவலகத்துக்கும் போய்வந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் நன்றி.

கீமோ கொடுத்தால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், இறங்கிவிடும். வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். அதைச் சேகரித்து ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்கூட்டியே சேர்த்து வைக்க வழியில்லை, தேவைப்படும் நேரத்தில் ஆள் வந்தாக வேண்டும். அப்போது எங்கள் தீவுக்கு ரயிலும் கிடையாது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள், மண்டபத்தோடு சரி. ராத்திரி பஸ்ஸில் ஏறி, விடியற்காலை ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று, டீ கூடக் குடிக்காமல் "அண்ணே, ரத்தம் எங்கே எடுப்பாங்க" என்று கேட்ட தங்கச்சிமடம் பையன்களே, ஏர்வாடியிலிருந்து நோன்பு திறந்த கையோடு கிளம்பி வந்த தம்பிகளே, உங்களுக்கு என்ன சொல்வது. மதுரையில் கிட்டார் கற்கும் கல்லூரிப் பிள்ளைகள் அவனை ஒரு முறைகூட நேரில் பார்க்காமல், அவன் வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு வந்து கொடுத்தார்கள். உங்கள் ரத்தம் ஏறிய மறுநாள் அவன் கிட்டார் கேட்பான். தட்டணு குறைவாக இருக்கும்போது தந்தியை அழுத்தினால் விரல்நுனி கன்றிப் போகும், அதனால் அந்த நாட்களில் வாசிக்க முடியாது. நீங்கள் கொடுத்த ஒவ்வொரு முறையும் அவனுக்குக் கொஞ்ச நாள் வாசிப்புக் கிடைத்தது. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் முக்கியமாக இந்த மடலே.

வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். மருந்து ஏற்ற நரம்பில் செருகும் வென்ஃப்ளான் ஊசி போட வந்தபோது முதல் நாள் அவன் கைகளை மறைத்துக்கொண்டான். "என்னப்பா வேலை செய்யிறே" என்று கேட்டார். சொன்னான். அதற்குப் பிறகு எத்தனை நேரம் ஆனாலும் புறங்கையிலும் மணிக்கட்டிலும் குத்தாமல், முன்கையில் நரம்பைத் தேடித் தேடித்தான் போட்டார். தன் ட்யூட்டி முடிந்து போகும்போது அடுத்து வருகிறவரிடம், "இந்தப் பையன் கிட்டார் வாசிக்கிறவன், கையைப் பார்த்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அவனை நோயாளி என்று மட்டும் பார்க்காத முதல் ஆள் அந்த ஆஸ்பத்திரியில் நீங்கள்தான் சிஸ்டர். அம்மா தினமும் செபத்தில் உங்களைச் சொல்கிறார்.

வின்கிரிஸ்டின் என்ற மருந்து நரம்புகளைப் பாதிக்கும். விரல்நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, தந்தி எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. அவன் அழுததை நான் அப்போதுதான் பார்த்தேன். தகவல் கேள்விப்பட்டு மதுரையில் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் சார் ஒருவர், தன்னுடைய நைலான் தந்திக் கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தார். நைலான் மென்மையானது, அழுத்தம் குறைவாகப் போதும், கழுத்தும் அகலம் என்பதால் தந்திகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். வாரம் ஒரு நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பார்த்து வாசிப்பது எப்படி, காதால் இடம் கண்டுபிடிப்பது எப்படி என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். வேகம் போய்விட்டது. ஆனால் அந்த அம்பாப் பாட்டின் மெதுவான வாசிப்பு அப்போது உருவானதுதான். நான் அதைத்தான் அதிகம் கேட்கிறேன். சார், நீங்கள் காசு வாங்கவில்லை, ஒரு நாளும் "பாவம்" என்ற சொல்லையும் சொல்லவில்லை. தப்பாக வாசித்தால் தப்பு என்றுதான் சொன்னீர்கள். அவனுக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு அறை கொடுத்த வீட்டுக்காரம்மா, அவன் பதிவு செய்யும் நேரங்களில் கீழே மிக்ஸி போடாமல் அம்மியில் அரைத்தார். ஃபேனை நிறுத்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, வேர்த்துக் கொட்ட உட்கார்ந்து போனிலும் ஒரு சின்ன மைக்கிலுமாக எல்லாவற்றையும் பதிந்த அவன் சிநேகிதன், இன்று எங்கள் வீட்டுப் பிள்ளை. நோய் திரும்பி வந்த பிறகும் அந்தப் பதிவு நிற்கவில்லை. 24 வயதில் அவன் போனபோது எங்களிடம் அவன் குரலைவிட அவன் கிட்டார்தான் அதிகம் இருந்தது. அது அந்தப் பையன் கொடுத்தது.

நினைவு நிகழ்ச்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் ஏலக்கூடம் காலியாக இருந்தது. கழுவிக் கொடுத்த சங்கத்தாருக்கு நன்றி. பெஞ்சும் விளக்கும் தந்த பங்குத்தந்தைக்கு நன்றி. மதுரைப் பிள்ளைகள் இந்த முறை ரயிலிலேயே கடலைத் தாண்டி வந்து இறங்கினார்கள். புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்திருந்தது. அவன் பார்க்க ஆசைப்பட்ட பாலம். மீன் வாடை போகாத அந்தக் கூடத்தில் சுவர் எதிரொலி இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் அப்புச்சி முன்பாட்டு எடுக்க, பிள்ளைகள் கிட்டாரில் பின்பாட்டு வாசித்தார்கள். மாமாமார் எழுந்து நின்று பாடினார்கள்.

கணக்கு விஷயம். சிகிச்சைக்காக நீங்கள் கொடுத்ததில் மிச்சமிருந்த பணத்தை, அதே வார்டில் இருக்கும் முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சின்னப் பையனின் வீட்டாரிடம் அப்பா நேரில் கொடுத்துவிட்டார். கொடுத்தவர்களில் யாருக்காவது இதில் மாற்றுக் கருத்து இருந்தால் அப்பாவிடம் தயங்காமல் பேசலாம். நைலான் கிட்டாரைச் சாரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. அவனுடைய சொந்தக் கிட்டார் கோவில் பாடகர் குழு அறையில் இருக்கிறது. ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு அவன் சிநேகிதன் அதில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான், யார் வீட்டுப் பிள்ளையும் வரலாம். பதிவுகள் வேண்டுபவர்கள் ஒரு பென்டிரைவ் கொண்டுவந்தால் அவனே போட்டுத் தருவான். யாரோ ஒருவர் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டுப் போன கிட்டார் கழுத்தில் மாட்டும் கறுப்பு நிறக் கேப்போ ஒன்றும், பச்சைப் பிளாஸ்க் ஒன்றும் இன்னும் எங்களிடம்தான் உள்ளன. உங்களுடையது என்றால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
அவனுடைய அக்கா,
அம்மா, அப்பாவுக்காகவும்
பாம்பன்