தொப்புள்கொடியில் இரத்த ஓட்டம் குறைந்த கர்ப்பிணிகளுக்குப் பிரசவ முறையை அன்றே தீர்மானிக்கக் கோரும் மனு

சுகாதாரப் பொறுப்பதிகாரி ஐயா அவர்களுக்கு,
திருகோணமலை.

ஐயா,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. வெருகல் பக்கத்துப் பாதையும் பஸ்ஸும் தாங்கள் அறியாததல்ல, ஆகவே அதை விபரிக்கவில்லை.

1. என் மகளுக்கு 33ஆம் கிழமையில், கொடியில் இரத்தம் ஓடுவதைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளையின் ஒரு இதயத் துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் கொடியில் ஓடவேண்டிய இரத்தம் நின்றுபோயிருந்தது. தாளைத் தந்து, "பெரிய டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்றார்கள். பெரிய டொக்டர் அன்று லீவு.

2. மறுநாள் வேறு ஆஸ்பத்திரி. காலை ஏழிலிருந்து பின்னேரம் மூன்று வரை வாங்கில். ஒருவர் மருந்து வைத்து நோ வரப்பண்ணலாம் என்றார், இன்னொருவர் சீசர் என்றார். மகள் அந்தத் தாளைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து மடித்து, அலை மாதிரிக் கோடு இருந்த இடமே கிழிந்துவிட்டது. "அம்மா, பிள்ளை துடிக்கிறது குறைஞ்சு போச்சு" என்றாள். யாரிடம் சொல்ல?

3. ஓட்டம் குறைந்திருந்தாலும் நிற்காவிட்டால், பிள்ளையின் இதயத் துடிப்பைப் பதியும் சீ.டி.ஜி. மெசினில் தொடர்ந்து பார்த்தபடி சுகப்பிரசவத்துக்கு முயலலாமாம். நின்றாலோ பின்னுக்குத் திரும்பினாலோ, ஒவ்வொரு நோவும் பிள்ளைக்குப் போகும் கொஞ்ச ஒட்சிசனையும் குறைத்துவிடும், அதனால்தான் பெரும்பாலும் சீசராம். பிள்ளை பிறந்த பிறகு ஒரு மிஸ்ஸிதான் இதைச் சொன்னா. முதல் நாளே சொல்ல என்ன செலவு ஐயா? குறைமாதப் பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்கு, தாய்க்குப் பிரசவத்துக்கு முன் ஊசி 24 மணி இடைவெளியில் இரண்டு போடவேண்டுமாம். அந்த நேரமெல்லாம் எங்களுக்கு பஸ்ஸிலும் வாங்கிலும் போனது. ஒன்றுதான் போட முடிந்தது. அவசர சீசர், 1 கிலோ 300 கிராம். அழவில்லை. 19 நாள் கண்ணாடிப் பெட்டி. வெருகல் முருகன் காப்பாற்றினான், தாள் தந்தவர்கள் அல்ல.

4. ஸ்கேன் எடுத்த அன்றே முடிவு சொல்லுங்கள். நிபுணர் இல்லையென்றால் போனிலாவது கேட்டு, தியேட்டரும் குறைமாதப் பிள்ளைப் பிரிவும் உள்ள இடத்துக்கு அம்புலன்ஸில் அனுப்புங்கள்.

5. தாளைக் கையில் கொடுத்து பஸ்ஸில் ஏற்றாதீர்கள்.

எங்கள் வீதியில் இன்னொரு கர்ப்பிணிப் பிள்ளைக்கு இப்போது 31 கிழமை. அவளுக்கும் "ஓட்டம் குறைவு" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த கிளினிக் செவ்வாய்தானாம். செவ்வாய்க்கு முன் அவளை ஒருவர் பார்க்க உத்தரவிடுங்கள் ஐயா. தயவுசெய்து, செவ்வாய்க்கு முன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
வெருகல்.