லப்டொப் வேண்டாம் என்று நான் ஏன் நிற்கிறேன்

அன்பு மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு கொஞ்சம் குறைவு. நீ அனுப்பிய தைலம் முடிந்துவிட்டதாம், சொல்லச் சொன்னா. காலபோகம் பரவாயில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம்முடைய சனசமூக நிலையத்துக்குக் கணினி வாங்குவது பற்றி ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் எல்லாரும் ஒரேயடியாகக் கதைத்ததில் நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. லண்டன்காரர் "லப்டொப்தான், படத்துக்கும் வடிவாயிருக்கும்" என்றார், நீயும் ஓம் போட்டுவிட்டாய். விளையாட ரீம் பிரிக்கிற காலத்திலிருந்து நீ இப்படித்தான், கடைசியாகக் கதைத்தவன் பக்கம்தான் நிற்பாய். அதனால்தான் இப்போது கடைசியாக நான் கதைக்கிறேன்.

சனசமூக நிலையத்துக்கு வாங்குகிற கணினி எங்கே போகப்போகிறது? அந்த அறையில், அந்த மேசையில்தான் கிடக்கப்போகிறது. தூக்கிக்கொண்டு திரியத் தேவையில்லாத இடத்தில், தூக்கிக்கொண்டு திரிவதற்கென்று செய்த சாமானுக்கு ஏன் கூடக் காசு கொடுக்க வேண்டும்? இன்னொன்றும் இருக்கிறது. தூக்கக்கூடிய சாமான் தூக்கப்படும். பக்கத்து ஊர் நிலையத்துக்கு வந்த லப்டொப் "பாதுகாப்புக்கு" என்று ஒரு வீட்டுக்குப் போனது, இன்றுவரை அங்கேதான். டெஸ்க்டொப்பை யாரும் அப்படி மடியில் வைத்துக்கொண்டு போகமாட்டார்கள்.

பிள்ளைகள் ரியூசன் முடிந்து சைக்கிளில் நேரே நிலையத்துக்கு வருகிறார்கள். உயர்தரத்தில் ஐ.சி.ரி., அதுதான் தகவல் தொழில்நுட்பப் பாடம், எடுத்தவர்கள் பைத்தன் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிப் பழக வேண்டும். அதைப் போனில் எழுதுகிற பிள்ளையை நீ ஒருநாள் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் மச்சான். பைத்தனில் வரியின் முன்னால் விடுகிற இடைவெளி பிசகினாலே வேலை செய்யாது. பெருவிரலால் அந்த இடைவெளியைத் தட்டித் தட்டி, பிழை எங்கே என்று திரையை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருக்கும். எனக்கு வயிறு எரிகிறது. அந்தப் பிள்ளைக்குத் தேவை பெரிய திரையும் ஒழுங்கான கீபோட்டும்தான்.

பழைய டெஸ்க்டொப் போன கிழமை படுத்துவிட்டது. ஒன் பண்ணினால் பீப் பீப் என்று கத்துகிறது, திரை கறுப்பு. கணக்கு மாஸ்ரரின் பேரன் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே விசிறி முழுக்கச் செம்புழுதி, மூலையில் பல்லி முட்டை. பெயின்ற் பிரஷால் தட்டித் துடைத்தான், ராம் என்ற நினைவகத் தகட்டை உருவினான், அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்துத் திரும்பக் குத்தினான். வந்துவிட்டது! சுற்றி நின்ற சின்னன்கள் கைதட்டின. சாதாரண தரம் படிக்கிற பெடியன், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மூடியைத் திறந்து பார்க்கலாம், கைவைக்கலாம், பழுதானால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம் என்பதே ஒரு படிப்பு இல்லையா? நம்முடைய தபால்காரர் வீட்டு லப்டொப்புக்குப் பற்றறி ஊதி, விரல் வைக்கிற இடம் மேலே எழும்பி நிற்கிறது. கிளிநொச்சிக் கடையில் கேட்டால் பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்கிறார்கள்.

விலை குறைந்த பழைய மெசின் எடுப்போம் என்றார் கனடா அண்ணர். எடுக்கலாம், ஆனால் புரொசெசருக்கு, அதாவது கணினியின் மூளைக்கு, இன்டெல் வைத்த ஐ5 என்ற பெயரைப் பார்த்து மயங்கக்கூடாது. ஐ5-6500 என்றால் ஆறாம் தலைமுறை, ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டார்கள். இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அப்படி ஒன்று கையில் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட்டலாம், காசு கொடுத்துப் புதிதாக வாங்காதே. இன்னொரு விஷயம், லப்டொப்பில் வருகிற ஐ5-8250யூ நாலு கோர், அதாவது உள்ளே வேலை செய்கிற பகுதி நாலு, 15 வற்றில் ஓடுவதற்குச் செய்தது. டெஸ்க்டொப்பின் ஐ5-8500 ஆறு கோர், 65 வற். பெயர் ஒன்று, பெலன் வேறு. எங்கள் வெக்கையில் மெல்லிய லப்டொப் சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கரண்ட் பற்றி நீ கேட்டது நியாயம். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள், அப்போது லப்டொப் வைத்திருந்தவன் கொடுத்துவைத்தவன். இப்போது அந்த நிலை இல்லை. ஒவ்வொரு மெசினுக்கும் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பற்றறியில் தாங்குகிற சின்ன யூ.பி.எஸ். ஒன்று வேண்டும். செய்ததைச் சேமித்து ஒழுங்காக அணைக்க அது போதும். அதன் பற்றறியைச் சில வருடத்துக்கொருமுறை மாற்றத்தான் வேண்டும், அதையும் கணக்கில் சேர். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கையும் ரவுட்டர் வயரையும் கழற்றச் சொல்லிச் சுவரில் எழுதி ஒட்டப்போகிறேன்.

ஒரேயொரு லப்டொப் வேண்டும். இதை நான் குழுவில் சொல்லவில்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன். மில்லடி அக்காவின் மகள் வவுனியாவுக்கு எடுபட்டிருக்கிறாள். நீ படித்த வளாகம்தான், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டதே. கணினிப் பாடம். பம்பைமடுவில் ஹொஸ்டல், விடுமுறைக்கு பஸ்ஸில் வீட்டுக்கு வந்து போக வேண்டும். அவளுக்கு டெஸ்க்டொப் சரிவராது. அக்கா யாரிடமும் கேட்கமாட்டா. மாடு விற்கலாமோ என்று என்னிடம் விலை விசாரித்தா. கறவை மாடு மச்சான், அதை விற்றால் வீட்டில் பிறகு என்ன மிஞ்சும்? 14 அங்குலத் திரை, 8 ஜீபீ ராம் இருந்தால் இப்போதைக்குப் போதும், ஆனால் பிறகு கூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். சில மொடல்களில் ராமை உள்ளே இருக்கிற மதர்போர்ட்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள், பிறகு மாற்றேலாது, அதை எடுக்காதே. உன் பெயர் வெளியே வராது, நானும் வாய் திறக்கமாட்டேன்.

கடையில் டெஸ்க்டொப்புக்கும் யூ.பி.எஸ்.ஸுக்கும் விலை எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் லண்டன்காரரோடு நீயே கதை, நான் கதைத்தால் அவருக்குக் கோபம் வரும். தைலத்தை மறக்காதே.

அன்புடன்,
உன் மச்சான்
வட்டக்கச்சி