பழைய கணக்கைத் திறக்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை, பஃபளோ சாலை வட்டாரத்துச் சிறு கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் பொருத்திப் பராமரித்து வருகிறேன். பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாற்றிக் கொடுப்பதுதான் இப்போது என் வேலையில் பெரும்பகுதி. புதிய பதிப்பை விற்க வருகிறவர்கள் கடைக்காரர்களிடம் சொல்லாமல் விடும் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

முன்பெல்லாம் ஒருமுறை காசு கொடுத்து மென்பொருளை வாங்கிவிட்டால், கணினி ஓடும்வரை கணக்கைத் திறந்து பார்க்கலாம். இப்போது விற்கப்படுபவை பெரும்பாலும் சந்தா கட்டி இணையத்தில் பயன்படுத்துபவை. சந்தாவை நிறுத்தினால் பலவற்றில் சொந்தக் கணக்கையே பார்க்க முடியாது. ஆனால் பொருள் சேவை வரிக்குப் பதிவுசெய்த வணிகர்கள் ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். விற்றவர் போய்விடுவார், அதிகாரி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்.

வரி 2023 ஜனவரியில் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது, 2024 ஜனவரியில் 9 ஆனது. அந்த இரண்டாவது மாற்றத்தின்போது ஒரு துணிக்கடைக்கு வேறொரு நிறுவனம் புதிய பதிப்பைப் பொருத்தியது. தொடக்க இருப்புகளை மட்டும் கொண்டுவந்துவிட்டு, பழைய விற்பனை விவரங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். டிசம்பரில் ஓர் உணவகத்துக்கு விற்ற சீருடைத் துணியில் ஒரு பகுதி பிப்ரவரியில் திரும்பி வந்தது. 8 விழுக்காட்டில் விற்றதற்கு 8 விழுக்காட்டில்தான் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) போட வேண்டும். புதிய மென்பொருளில் 9 மட்டுமே இருந்தது, மூல பில்லோ எங்கும் இல்லை. அந்த நிறுவனத்தைக் கேட்டால், பழைய விவரங்களைக் கொண்டுவரத் தனிக் கட்டணமாம்! பழைய கணினியைத் தூக்கி எறியாமல் கடையின் பின்னறையில் போட்டு வைத்திருந்ததால் தப்பித்தார்கள்.

இன்னொரு கடையில் தமிழில் தட்டெழுதியிருந்த வாடிக்கையாளர் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நின்றன. பழைய எழுத்துரு; எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு முந்தையது. "கடன் வாங்கிய எல்லாருக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டீர்களே, தம்பி" என்றார் உரிமையாளர். வேடிக்கையாகத்தான் சொன்னார், ஆனால் கடனை யாரிடம் போய்க் கேட்பது? வரவேண்டிய மொத்தத் தொகை ஒரு காசு பிசகாமல் பொருந்தியிருந்தது. பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் ட்ரயல் பேலன்ஸ் சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தீராத பில்களை ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதைவிட முக்கியம், மாற்றுவதற்கு முன் பழைய கோப்பைப் படியெடுத்து, அந்தப் படி வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்வது. புதிய பதிப்புக்கு மாறிய கோப்பைப் பழைய பதிப்பில் பெரும்பாலும் திறக்கவே முடியாது.

விற்பனையாளர்கள் இப்போது, பில்களை மின்வடிவில் அனுப்பும் இன்வாய்ஸ்நவ் என்ற தேசிய முறையின் பெயரைச் சொல்லி அவசரப்படுத்துகிறார்கள். அதன்வழி பில் விவரங்களை வரி ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 நவம்பரில் தொடங்கியபோது, புதிதாக நிறுவப்பட்டுத் தாமாக முன்வந்து வரிக்குப் பதிவுசெய்யும் நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தியது. 2026 ஏப்ரல் முதல், தாமாக முன்வந்து புதிதாகப் பதிவுசெய்யும் அனைவருக்கும் என்று விரிந்தது. பல்லாண்டுகளுக்கு முன்பே பதிவுசெய்த மளிகைக் கடைக்காரரிடம் "அடுத்த வாரமே மாற வேண்டும்" என்பது வியாபாரத் தந்திரம். மாற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாறுவது நல்லது; கையால் தட்டும் பிழைகள் குறையும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், பழைய கணினியை இணையத்தில் வைத்திருப்பதும் ஆபத்து.

உள்நாட்டு வருவாய் ஆணையம், தன் தொழில்நுட்ப நிபந்தனைகளை நிறைவேற்றும் கணக்கு மென்பொருள்களின் பட்டியலை வெளியிடுகிறது. அந்த நிபந்தனைகளில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சந்தா முடிந்த பிறகும் 5 ஆண்டுக் கணக்கைப் படிக்க அனுமதிக்க வேண்டும். இல்லையென்றால் பேரேடு, பில்கள், வரி விவரம் அனைத்தையும் எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய கோப்பாக, கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும்.

அதுவரை கடைக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். கையெழுத்திடுவதற்கு முன், அப்படி ஒரு மாதிரிக் கோப்பை உங்கள் கடைக் கணினியிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
கணக்கு மென்பொருள் பராமரிப்பாளர்,
ஈசூன்