சிவப்பு மூடித் தொட்டியும் நட்சத்திரம் பார்க்கும் பூச்சியும்

சிட்னி,
13-10-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருப்பதாக அம்மா சொன்னதில் நிம்மதி. "வேலை, வாடகை, குளிர் என்று மூன்றையே திருப்பித் திருப்பி எழுதுகிறாய், அந்த நாட்டில் யாரும் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிப்பதில்லையா?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்த உங்களுக்குத் துறைமுகப் பாலத்தின் நீள அகலத்தை எழுதினால் கடிதத்தைப் பாதியிலேயே மடித்துவிடுவீர்கள். ஆகவே எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் குப்பைத் தொட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் பகுதியில் வீட்டுக் குப்பைக்குச் சிவப்பு மூடி போட்ட தொட்டி. மறுசுழற்சிக்குப் போகும் பொருள்களுக்கு மஞ்சள் மூடி. செவ்வாய் விடியற்காலையில் வண்டி வரும் என்பதால் திங்கள் இரவே தொட்டியைத் தெரு ஓரத்தில் வைத்துவிட வேண்டும். நான் குடிவந்த இரண்டாம் வாரம், காலையில் கதவைத் திறந்தால், தொட்டி வாயைப் பிளந்துகொண்டு நிற்க, உள்ளே இருந்த குப்பையில் பாதி நடைபாதையில் இறைந்து கிடந்தது. புதிதாக வந்தவளுக்குத் தொட்டியை மூடி வைக்கக்கூடத் தெரியவில்லை என்று தெருவில் உள்ளவர்கள் நினைப்பார்களே என்ற கூச்சத்துடன் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒன்றும் பேசாமல் மின்கம்பியைக் கை காட்டினார். மஞ்சள் கொண்டை வைத்த வெள்ளைக் கிளிகள் மூன்று அங்கே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. இங்கே அவற்றைக் காக்கட்டூ என்கிறார்கள்.

அடுத்த செவ்வாய் ஜன்னலருகே காத்திருந்து பார்த்தேன். ஒரு பறவை தொட்டியின் முன் விளிம்பில் வந்து அமர்ந்தது. தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, மூடியின் அடியில் அலகைச் செருகி நெம்பியது. தூக்கிய மூடியை விடாமல் பிடித்துக்கொண்டு, விளிம்பின் மேலேயே அடியடியாகக் கீல் இருக்கும் பக்கம் நடந்தது. பாதி தூரம் போனதும் ஒரே உந்தில் மூடியைப் பின்பக்கம் தள்ளிவிட்டது. கூட இருந்த இரண்டும் அதுவரை சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் 'பார்த்துக்கொண்டிருந்தன' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அப்பா.

ஜெர்மனியில் உள்ள மாக்ஸ் பிளாங்க் விலங்கு நடத்தை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பார்பரா கிளம்ப், லூசி ஆப்ளின் ஆகியோரும் இங்குள்ள ஆய்வாளர்களும் சேர்ந்து, தங்கள் பகுதியில் இப்படி நடக்கிறதா என்று சிட்னிவாசிகளிடம் கேட்டுத் திரட்டியிருக்கிறார்கள். 2018க்கு முன்பு மூன்றே பகுதிகளில் இருந்த இந்தப் பழக்கம், 2019 முடிவதற்குள் 44 பகுதிகளுக்குப் பரவிவிட்டது. அது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றாமல், அடுத்தடுத்த பகுதிகளுக்கு முதலிலும் தூரத்தில் இருப்பவற்றுக்குப் பிறகுமாகப் போயிருப்பதால், ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். பறவைகளுக்குச் சாயப் பொட்டு வைத்து அடையாளம் கண்டபோது, பத்தில் ஒன்றுக்குத்தான் மூடியைத் திறக்கத் தெரிந்திருந்தது. அவற்றிலும் பெரும்பாலானவை ஆண்கள். மற்றவை திறந்தபின் வந்து பங்கு கேட்பவை. திறக்கும் முறையும் பகுதிக்குப் பகுதி வேறுபடுகிறதாம். மரபணுவில் எழுதாத ஒன்று வட்டார வழக்காக மாறுவதற்குப் பண்பாடு என்ற சொல்லையே அவர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2021இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரை அது. நீங்கள் இந்தச் சொல்லை எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், நான் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

மறு ஆண்டு அதே குழு மனிதர்கள் பக்கம் திரும்பியது. மூடியின் மேல் செங்கல் வைத்தால் கிளி அதைத் தள்ளிவிடுகிறது. அதைவிடக் கனமாக வைக்கிறார்கள். பிறகு கீலின் இடுக்கில் பழைய செருப்பைச் செருகுகிறார்கள். யார் என்ன செய்கிறார் என்பதை அக்கம்பக்கத்தார் பார்த்துத் தாங்களும் செய்கிறார்கள். எங்கள் தெருவிலும் அப்படித்தான்: பெரியவர் செருகிய செருப்பைப் பார்த்து நானும் செருகினேன். இந்த ஆண்டு ஜூனில் இன்னொன்று வந்தது. மேற்கு சிட்னியில், கைப்பிடியைத் திருகி அழுத்தினால்தான் தண்ணீர் வரும் குடிநீர்க் குழாயையும் காக்கட்டூகள் திறக்கப் பழகிவிட்டன. கேமரா வைத்துப் பார்த்ததில் முயற்சிகளில் பாதிக்கும் குறைவாகவே பலித்திருந்தாலும், அவை வரிசைபோலக் காத்திருந்து குடித்திருக்கின்றன.

இன்னொரு பறவையோடு எனக்குத் தனிப் பகை. இப்போது இங்கே வசந்தகாலம், மேக்பை குஞ்சு பொரிக்கும் காலம். பெயர்தான் ஐரோப்பிய மேக்பையின் பெயர்; நெருங்கிய உறவு கிடையாது. நான் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் ஒரு யூகலிப்டஸ் மரத்தடியை நெருங்கும்போது பின்னாலிருந்து ஒன்று விருட்டென்று வந்து தலைக்கவசத்தில் தட்டிவிட்டுப் போகும். கூடு இருக்கும் சில வாரங்கள்தான் என்று எல்லோரும் பொறுத்துக்கொள்கிறார்கள். டோமினிக் போட்வின் என்ற ஆய்வாளரின் குழு குவீன்ஸ்லாந்தில் ஐந்து மேக்பைகளுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான கண்காணிப்புக் கருவியைச் சிறு வாரில் கட்டிவிட்டது. வாரை அவிழ்க்க ஒரே இடம்தான். அதுவும் காந்தத்தால்தான் முடியும் என்று நம்பியிருந்தார்கள். பத்தே நிமிடத்தில், கருவி கட்டாத ஒரு மூத்த பெண் பறவை இளையதன் வாரைக் கொத்தி அவிழ்க்க முயலத் தொடங்கியது; சில மணி நேரத்தில் பெரும்பாலானவை கழன்றுவிட்டன; மூன்றாம் நாள் எதிலும் கருவி இல்லை. தனக்கு உடனடிப் பயன் இல்லாமல் ஒன்று இன்னொன்றுக்கு உதவியது என்கிறார்கள். ஐந்து பறவைகளை வைத்துக்கொண்டு இவ்வளவு சொல்லலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்வி எனக்கும் உண்டு. ஆனால் இடங்களை அறியப் போனவர்கள் கருவியைப் பறிகொடுத்துக் குணத்தை அறிந்து வந்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அம்மாவைச் சிரிக்கவைக்க ஒன்று: இங்கே வாம்பட் என்றொரு பிராணி உண்டு, அதன் சாணம் கனசதுரமாக இருக்கும். காரணம் ஆசனவாயில் இல்லை, குடலில் இருக்கிறது. குடலின் கடைசிப் பகுதியின் சுவரில் சில இடங்கள் விறைப்பாகவும் சில இடங்கள் இளகியும் இருப்பதால், சுருங்கும்போது வேகம் மாறுபட்டு மூலைகள் உருவாகின்றன. இதைக் கண்டவர்களுக்கு 2019இல் இயற்பியலுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுக்கு ஆண்டுதோறும் தரும் பரிசு அது.

மேற்குக் கடற்கரையின் ஷார்க் விரிகுடாவில் உள்ள கடற்புல் வெளியின் செய்தியும் சிறியதில்லை. எத்தனை தாவரங்கள் அங்கே வளர்கின்றன என்று எண்ணத்தான் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் போனார்கள். பத்து இடங்களில் மாதிரி எடுத்து மரபணுவை ஒப்பிட்டால் விடை: ஒன்று. ஒரே விதையிலிருந்து வேர்த்தண்டால் படர்ந்து 180 கிலோமீட்டர் தூரம் நீண்டு, ஏறத்தாழ 4,500 ஆண்டுகளாக வாழும் ஒரே செடி. அதன் உறவினருக்கு 20 குரோமோசோம் என்றால் இதற்கு 40. கடலின் வெப்பமும் உப்பும் கூடிக்குறைந்தாலும் தாங்குவதற்கு இந்த இரட்டிப்பு உதவியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

இனி, நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணமான பூச்சிக்கு வருகிறேன். போன வாரம் சமையலறை விளக்கைச் சுற்றி ஒரு பழுப்பு நிற அந்துப்பூச்சி வந்தது. இறக்கையில் அம்புபோல ஒரு கருங்கோடும் இரண்டு வெளிர் புள்ளிகளும் தெரிந்தன. துணியால் தட்டப்போன என் கையைப் பெரியவர்தான் தடுத்தார். போகாங் அந்துப்பூச்சியாம். 2000 சிட்னி ஒலிம்பிக்கின்போது விளையாட்டரங்க விளக்குகளை மொய்த்து எல்லோரையும் திகைக்கவைத்த பூச்சி.

வசந்தத்தில் இது கூட்டுப்புழுப் பருவம் முடிந்து வெளிவந்து, ஆயிரம் கிலோமீட்டர் வரை இரவு இரவாகப் பறந்து, தென்கிழக்கு மலைகளின் குளிர்ந்த குகைகளுக்குப் போகிறது. அங்கே ஒரு சதுர மீட்டரில் சுமார் 17,000 என்ற கணக்கில் ஓடு வேய்ந்ததுபோல் பாறையை மூடிக்கொண்டு கோடை முழுவதும் அசையாமல் கிடந்துவிட்டு, இலையுதிர்காலத்தில் திரும்பி வந்து முட்டையிட்டு இறந்துபோகிறது. அப்படியானால் அடுத்த தலைமுறைக்கு வழி சொல்ல யாருமே இல்லை. ஸ்வீடனில் உள்ள லண்ட் பல்கலைக்கழகத்தின் எரிக் வாரன்ட், டேவிட் டிரையர் ஆகியோர் பூச்சியை மெல்லிய கம்பியில் கட்டி, பூமியின் காந்தப்புலத்தைச் செயலற்றதாக்கி, மேலே இரவு வானத்தை ஒளிப்படமாகக் காட்டினார்கள். பூச்சி போகவேண்டிய திசை பார்த்துப் பறந்தது. வானத்தை 180 பாகை திருப்பினால் அதுவும் எதிர்த்திசைக்குத் திரும்பியது. நட்சத்திரங்களைக் கலைத்துப் போட்டதும் திசை தெரியாமல் தடுமாறியது. அரிசி மணியில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள மூளை இது. நட்சத்திரங்களைக் கொண்டு நெடுந்தூரம் வழிகாணும் முதுகெலும்பற்ற உயிர் வேறு எதுவும் இதுவரை அறியப்பட்டதில்லை. இந்த ஜூனில் 'நேச்சர்' இதழில் வந்தது. மேகம் மூடிய இரவில் காந்தப்புலத்தை வைத்தே சமாளித்துக்கொள்கிறது என்பதையும் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பூச்சியைப் பற்றி அறிந்தவர்கள் வேறு சிலரும் உண்டு. விக்டோரியா மாநிலத்தின் கிழக்கே குனைகுர்னை என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் உள்ள கிளாக்ஸ் குகையில் கிடைத்த ஓர் அரைகல்லில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் உணவுக்காக அரைத்த போகாங் பூச்சியின் எச்சங்கள் ஒட்டியிருந்ததை 2020இல் வெளியிட்டார்கள். 2017இல் தொடங்கிய வறட்சியில் இவற்றின் எண்ணிக்கை மிகவும் சரிந்து, 2021இல் அழியும் அபாயத்தில் உள்ளவற்றின் பட்டியலில் ஏறிவிட்டன. வசந்தத்தில் இவற்றைத் தின்று பிழைக்கும் மலைப் பாஸம் (possum) என்ற ஒரு குட்டிப் பிராணியும் கூடவே பசித்திருக்கிறது.

விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தேன். சிறிது நேரம் சட்டத்தில் ஒட்டியிருந்தது, பிறகு போயிற்று. எந்தத் திசையில் என்று இருட்டில் தெரியவில்லை. அங்கே நீங்கள் பார்க்கும் நட்சத்திரங்கள் எல்லாம் இங்கே தெரிவதில்லை, அப்பா; துருவ நட்சத்திரம் இல்லவே இல்லை. அதற்குப் பதில் எதை வைத்துத் தென்திசை காண்பது என்று எனக்கும் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அடுத்த கடிதத்தில் வழி எழுதுங்கள்.

இன்று திங்கள்கிழமை. தொட்டியை வெளியே வைத்துச் செருப்பைச் செருக வேண்டும். இடது கால் செருப்பு போன வாரமே காணாமற் போய்விட்டது.

அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்